கட்டிலில் தொங்கும் அட்டை: மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி ஒரு விளக்கம்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். (பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் நம்மில் பாதிப் பேருக்கு ஊர் புரியும்.) செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, நெடுங்கால இனிப்பு நீர் நோயாளி. காய்ந்த மட்டையின் முள் பாதத்தில் ஏறியிருக்கிறது. உணர்ச்சி மரத்துப்போன கால் என்பதால் சீழ் பிடிக்கும் வரை யாரும் கவனிக்கவில்லை. தனியார் கிளினிக்கில் இரண்டு தடவை மாத்திரை, மாவட்ட மருத்துவமனையில் ஊசி மருந்து, அதன் பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றம். அங்கே புண்ணிலிருந்து எடுத்த சோதனையில் ‘இ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லா’ என்றும், மலவாயில் பஞ்சுக் குச்சி வைத்து எடுத்த சோதனையில் ‘சி.ஆர்.இ.’ என்றும் முடிவு வந்ததாம். அப்பாவைத் தனி அறைக்கு மாற்றிக் கட்டிலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மிஸ்ஸிகள் (தாதியர்) மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். இந்தக் கிருமியை மருத்துவமனைதான் கொடுத்ததா, சி.ஆர்.இ. என்று தெரிந்த பிறகும் அதற்கு ஏன் மருந்து கொடுக்கவில்லை, இருப்பதிலேயே வலுவான மருந்தைப் போட்டு ஒரேயடியாக முடித்துவிட்டால் என்ன, வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது அப்பாவைக் கூட்டி வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அப்பாவுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவரைப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், வந்திருப்பவை இரண்டு வெவ்வேறு செய்திகள் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புண்ணில் கிளெப்சியெல்லா என்ற குடல் கிருமி வளர்ந்தது, புண் சிவந்து வீங்கிச் சீழ் வைத்திருந்தது, காய்ச்சல் இருந்தது. ஆகவே அது நோய்த்தொற்று, அதற்குச் சிகிச்சை நடக்கிறது. மலவாய்ச் சோதனையில் வந்த சி.ஆர்.இ. அப்படியல்ல. கார்பபெனெம் என்ற வகை மருந்துகளுக்கு அடங்காத குடல் கிருமிகளுக்கு அந்தப் பெயர். அவை அப்பாவின் குடலில், கோடிக்கணக்கான மற்றக் கிருமிகளோடு சேர்ந்து, அவருக்கு எந்தத் தொல்லையும் கொடுக்காமல் குடியிருக்கின்றன. இதைக் கிருமியைச் சுமத்தல் என்று சொல்வோம். வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்கு இந்தச் சோதனை செய்வதே, நோயைத் தேடுவதற்காக அன்று. யார் இதைச் சுமக்கிறார் என்று தெரிந்தால் பக்கத்துக் கட்டில்காரரைக் காப்பாற்றலாம் என்பதற்காகத்தான்.

சுமக்கிற நிலைக்கு வழக்கமாக மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் நன்மை இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதல் உண்டு. குடலில் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு அந்நியக் கிருமி பெருகாமல் தடுத்து வைத்திருப்பவை நம்முடைய சாதாரணக் கிருமிகள். மருந்து முதலில் அவற்றைத்தான் அழிக்கும். அவை ஒழிந்த வெற்றிடத்தில் மருந்துக்கு அடங்காதது தழைக்கும். மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று தம்பி நினைக்க வேண்டாம். மருந்து கொடுக்காமல் இருப்பது அங்கே எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

அடுத்து, ‘இருப்பதிலேயே வலுவான மருந்து’ என்ற எண்ணம். இதை நம் ஊர்க் கிளினிக்குகளிலும் கேட்கலாம், பெரிய மருத்துவமனை வாசலிலும் கேட்கலாம்: “பவரான மருந்தாப் போடுங்க டாக்டர்.” ஆண்டிபயாட்டிக் மருந்துகளை அப்படி ஏறுவரிசையில் அடுக்க முடியாது. ஒரு கிருமிக்கு ஒரு மருந்து பொருந்தும் அல்லது பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சொன்னால் இது விளங்கும்.

புண்ணிலிருந்து வந்த பஞ்சுக் குச்சியை, கிருமி வளர அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டுகளில் தேய்த்து ஓர் இரவு வைப்போம். மறுநாள் காலையில் இளஞ்சிவப்பாக, தொட்டால் கோழைபோல் இழுபடும் புள்ளிகள் தெரிந்தால் கிளெப்சியெல்லா என்று ஐயம் எழும். அந்தப் புள்ளிகளில் சிறிது எடுத்து உப்பு நீரில் குறிப்பிட்ட அளவு கலங்கும் வரை கரைத்து, வேறொரு தட்டு முழுவதும் பரவலாகத் தடவுவோம். அதன்மேல் ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறிய, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வட்டுகளை வைத்து, 35 டிகிரி வெப்பத்தில் இன்னோர் இரவு விடுவோம். மருந்து வட்டிலிருந்து சுற்றிலும் கசியும். கிருமி அதற்கு அடங்குமானால் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிந்த வளையம் விழும். அந்த வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அறிக்கையில் எழுதுவோம். கார்பபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெம் என்றால், நாங்கள் பின்பற்றிய அமெரிக்க அளவுகோலின்படி, இவ்வகைக் குடல் கிருமிகளுக்கு 23 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அடங்கும், 19-உம் அதற்குக் கீழும் இருந்தால் அடங்காது. இன்னொரு மருந்துக்கு எல்லைக் கோடு வேறு. ஒரு மருந்தின் வளையம் 30 என்றும் மற்றொன்றின் வளையம் 18 என்றும் இருந்தால் முதலாவது சிறந்தது என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு, இரத்தத்தில் எட்டும் அளவு வேறு. அறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பெரிய எண் உள்ள மருந்தைக் கேட்கும் உறவினர்களைப் பற்றி வார்டு மருத்துவர்கள் எங்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை; யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தோட்டப் பகுதிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. 1912-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். மறு ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூட விலங்குகளிடையே இது தலைகாட்டியது. இனிப்பு நீர் உள்ளவர்கள் மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் வேலை செய்தால் இதற்கு எளிதில் இலக்காவார்கள். இந்தக் கிருமி எந்த மருத்துவமனையையும் பார்த்ததில்லை, எந்த மாத்திரையாலும் பழக்கப்பட்டதில்லை. ஆனாலும் பிறவியிலேயே பெனிசிலினுக்கு அடங்காது, தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலும் ஜென்டமைசினுக்கும் அடங்காது. மற்ற எத்தனையோ தொற்றுகளில் கைகொடுக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இதற்குப் போதாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த செஃப்டாசிடைம் வேலை செய்யும். குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, அதன் பிறகு ஏறத்தாழ 3 மாதம் மாத்திரை. காய்ச்சல் நின்றுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்கு நோய் திரும்பி வரும். இங்கே வலு எங்கே இருக்கிறது? கிருமி எது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது.

இனி, கிருமி மருந்தை எப்படித் தோற்கடிக்கிறது என்று பார்ப்போம். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே மாதிரியான ஒரு வேதி வளையம் உண்டு. கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையை நிறுத்துவது அதுதான். அந்த வளையத்தை வெட்டிப் போடும் நொதியைச் சில கிருமிகள் சுரக்கின்றன. பெனிசிலின் நோயாளிகளிடையே பரவலாகப் புழங்குவதற்கு முன்பே, 1940-இல், பெனிசிலினை ஆராய்ந்த ஆபிரகாமும் செயினும் இந்த நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள். நொதியால் வெட்ட முடியாத மெதிசிலின் 1959-இல் வந்தது. 1961-இல் அதற்கும் அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி இங்கிலாந்தில் பதிவானது. அது நொதியை நம்பவில்லை, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தையே மாற்றிக்கொண்டது. மருத்துவமனைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று கேள்விப்படுகிறோமே, அது இதுதான். பிறகு வந்த செஃபலோஸ்போரின்களை (செஃப்ட்ரியாக்ஸோன் அந்த வகைதான்) வெட்டும் அகன்ற வீச்சுள்ள நொதிகள் 1983-இல் ஜெர்மனியிலிருந்து அறிவிக்கப்பட்டன. அப்பாவின் அறிக்கையில் உள்ள இ.எஸ்.பி.எல். அவைதான். அவற்றுக்கும் தாக்குப்பிடிக்கும் கார்பபெனெம்கள் 1980-களில் புழக்கத்துக்கு வந்தன. கார்பபெனெமையே வெட்டும் நொதி 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எடுக்கப்பட்ட ஒரு மாதிரியில் இருந்தது. இன்னொரு வகை, இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்டு, புது டெல்லியின் பெயரைச் சுமக்கிறது. அதற்கும் மேல் மிஞ்சியிருப்பவற்றில் கோலிஸ்டின் ஒன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் அதை மறுபடியும் எடுத்திருக்கிறோம். இருபது ஆண்டு இனிப்பு நீரால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம் உள்ள ஒருவருக்கு அதைத் தேவையில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று தம்பி யோசித்துப் பார்க்கட்டும்.

இவற்றில் மிகவும் கவலைக்குரியது நொதி அல்ல, அந்த நொதிக்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் இடம். அது பெரும்பாலும் கிருமியின் மூல மரபுச் சுருளில் இல்லாமல், பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு கிருமி பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கே அந்த வளையத்தின் படி ஒன்றைக் கொடுத்துவிடும், கடை வாசலில் நிற்பவர் பக்கத்தில் நிற்பவருக்குத் தன் சாவிக்கு நகல் எடுத்துக் கொடுப்பதுபோல. ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. எனவே ஒரு மருந்தைத் தேவையில்லாமல் சாப்பிட்டால், தொடர்பே இல்லாத வேறு மருந்துக்கான எதிர்ப்பும் உடன் வளர்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மருத்துவமனைதான் கொடுத்ததா? சி.ஆர்.இ. பெரும்பாலும் மருத்துவமனைகளில் தொற்றுவதுதான். இதை மறைக்க வேண்டிய தேவையில்லை. கட்டில் கம்பி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, திரைச்சீலை, பொதுக் கழிப்பறை, கை கழுவும் தொட்டியின் வடிகால் வளைவு ஆகிய இடங்களில் இந்தக் கிருமிகள் தங்குகின்றன. வடிகாலில் வழவழவென்று படியும் படலத்துக்குள் அவை மாதக்கணக்கில் இருக்கும். நோயாளியின் மிச்சச் சூப்பையும் குளுக்கோஸ் பாட்டிலில் மீந்ததையும் அந்தத் தொட்டியில் ஊற்றினால் அவற்றுக்குச் சோறு போட்டதாக ஆகும். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிருமியைச் சுமந்து செல்வது மனிதரின் கைதான். ஆள் குறைந்து, கட்டில் நிறைந்து, ஒரே மிஸ்ஸி இருபது பேரைப் பார்க்கும் இரவில் கை சுத்தம் தவறும். இது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, ஆனால் தவறுதான்.

இ.எஸ்.பி.எல். கதை வேறு. அது இன்று மருத்துவமனைக்கு வெளியேயும் பரவிக் கிடக்கிறது. நலமாக நடமாடும் பலருடைய குடலிலும் இருக்கிறது. அதை அப்பா எங்கே பெற்றார் என்று யாராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் எது அதை வளர்த்தது என்று ஓரளவு சொல்லலாம். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி ஆண்டிபயாட்டிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தகம் விற்கக்கூடாது. ஆனால் தனியார் கிளினிக்கில் நோயைப் பார்ப்பவரே மருந்தையும் கொடுத்து ஒரே ரசீதில் பணம் வாங்குகிறார். மாத்திரை இல்லாமல் அனுப்புகிற டாக்டரை நம் ஊரில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. 60 வெள்ளி கொடுத்துவிட்டு வெறும் ஆலோசனையோடு வருவதா என்று அடுத்த முறை வேறு கிளினிக்குக்குப் போய்விடுகிறோம். சளிக்கும் இருமலுக்கும் வாங்கிய ஆக்மென்டின் என்ற ஆண்டிபயாட்டிக் மூன்று நாளில் நின்றுவிடும். மிச்சம் அலமாரியில் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தொண்டை வலி என்றால் அது கைமாறும். அதைவிடவும் ஒன்று: கேப்சூலை இரண்டாகப் பிரித்து உள்ளே இருக்கும் தூளைப் புண்ணின்மேல் தூவும் பழக்கம் லயத்து வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை. தூள் புண்ணின் மேற்பரப்பில் கட்டியாக உறைந்து, அடியில் இருக்கும் சீழை மூடி வைக்கிறது; ஆழத்துக்குப் போதிய மருந்து எட்டாது, ஆனால் மேலிருக்கும் கிருமிகளுக்குப் பயிற்சி கிடைக்கும். அப்பாவின் காலில் அப்படி யாராவது தூவினார்களா என்று தம்பி கேட்டுப் பார்க்கலாம். கோபித்துக்கொள்வதற்காக அல்ல, மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

மருந்து கலந்த கால்நடைத் தீவனத்தையும் விட்டுவிட முடியாது. கோலிஸ்டினுக்கு எதிரான பிளாஸ்மிட் மரபணு 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டறியப்பட்ட பிறகு, மலேசியா 2019 முதல் உணவுக்கான விலங்குகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. தாமதமாக இருந்தாலும் சரியான முடிவு.

அப்பாவின் புண்ணுக்குத் திரும்புவோம். கால் புண்ணில் மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. இனிப்பு நீரால் இரத்தக் குழாய்கள் சுருங்கிய பாதத்தில், ஊசி மருந்து இரத்தத்தோடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. செத்த தசைக்குள் இரத்தமே ஓடாது. ஆகவே அழுகிய பகுதியை வெட்டிச் சுத்தம் செய்வதும், சீழை வடிப்பதும், இரத்த ஓட்டத்தைச் சரிபார்ப்பதும், பாதத்தின்மேல் எடை விழாமல் பார்ப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் மருந்துக்கு இணையான சிகிச்சை. பல வேளை அதற்கும் மேலானவை. அறுவை என்றதும் “காலை எடுத்துவிடுவார்கள்” என்று பயந்து கையெழுத்துப் போடாமல் நாட்களைக் கடத்தும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விரலோடு போயிருக்க வேண்டியது முழங்கால் வரை போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். தசையோடு நிற்கும் தொற்றுக்கு வழக்கமாக 1 முதல் 2 வாரம் மருந்து போதும். எலும்புக்குள் இறங்கி, அந்த எலும்பு அகற்றப்படாவிட்டால் 6 வாரம் ஆகலாம். இ.எஸ்.பி.எல். கிருமிக்குக் கார்பபெனெம்தான் பொருத்தம் என்றால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கூடுதல் நாளும் குடலில் இருக்கும் சி.ஆர்.இ.-க்குச் சாதகமான நாள். இந்த இக்கட்டு அப்பாவின் மருத்துவருக்குத் தெரியும். “இன்னும் ஒரு வாரம் போடுங்கள்” என்று நாம் வற்புறுத்துவது அவருடைய கையைக் கட்டுவதாகும்.

சர்க்கரை என்று சொன்னதால் ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் மிக அதிகம். மருந்துக்கு அடங்காத கிருமி நம் வீடுகளுக்குள் நுழையும் வழிகளில் பாதப் புண் பெரிய ஒன்று என்பதே என் கணிப்பு.

வார்டில் குடும்பம் என்ன செய்யலாம்? மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமிகள் சோப்புக்கும் ஆல்கஹால் திரவத்துக்கும் மற்றவை போலவே அடங்கும். மருந்தை எதிர்க்கும் திறமை அங்கே உதவாது. கட்டிலருகே இருக்கும் திரவத்தை உள்ளங்கை நிறைய எடுத்து, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இதைச் செய்ய வேண்டும். வெளியே வரும்போது செய்வதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நம்மவர்களின் நல்ல குணம் ஒன்றே இங்கே இடைஞ்சலாகிறது. அப்பாவுக்கு முதுகு துடைத்த கையோடு, துணைக்கு ஆளில்லாத இன்னொரு தாத்தாவையும் தூக்கி உட்கார வைத்துவிடுகிறோம். கையுறையோடுதானே செய்தோம் என்பார்கள். அதே கையுறை இருவரையும் தொட்டால், வெறுங்கையைவிட அது எந்த விதத்திலும் நல்லதில்லை. உதவுங்கள்; நடுவில் கையுறையைக் கழற்றி எறிந்து கையைச் சுத்தம் செய்துகொண்டு உதவுங்கள்.

இன்னொன்று, குழாய்கள். சிறுநீர்க் குழாயும் கையில் குத்திய ஊசிக் குழாயும் கிருமி உடலுக்குள் ஏறும் ஏணிகள். குடலில் சும்மா இருக்கும் சி.ஆர்.இ. நோயாக மாறுவது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். “அப்பாவுக்கு இந்தக் குழாய் இன்றும் தேவையா, டாக்டர்?” என்று ஒவ்வொரு காலையும் மரியாதையோடு கேட்கலாம். வலுவான மருந்து கேட்பதைவிட இந்தக் கேள்வி அப்பாவுக்குப் பல மடங்கு பயன் தரும்.

வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்றால், தாராளமாகக் கூட்டி வரலாம். இந்தக் கிருமிகள் காற்றில் பரவுவதில்லை. நலமான பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இவற்றால் நோய் வருவது அரிது. அப்பா எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், கோவிலுக்குப் போகலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். கழிப்பறை போய்வந்தபின் சோப்பால் கை கழுவியிருக்க வேண்டும், புண் கட்டு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கென்று தனித் துண்டு இருக்கட்டும். கட்டு மாற்றுபவர் முன்னும் பின்னும் கை கழுவி, பழைய கட்டைப் பையில் போட்டு முடிச்சிட்டுக் குப்பையில் போட வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போட்ட கையோடு நேராகப் பால் கலக்கப் போகக்கூடாது. துணிகளைச் சாதாரண சவர்க்காரத்தில் துவைத்து வெயிலில் காய வைத்தால் போதும். கழிப்பறையைக் கிளோராக்ஸ் (வெளுப்பான்) கலந்த நீரால் அடிக்கடி கழுவுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கீமோ எடுப்பவர், டயாலிசிஸ் செய்பவர் யாராவது வீட்டில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தனித் தட்டு, தனி நாற்காலி என்று அப்பாவை ஒதுக்கி வைக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

குடலில் இருக்கும் சி.ஆர்.இ. பல மாதங்கள் தங்கலாம். சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் இருக்கும். ஆகையால் அப்பா வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் கடிதத்தில் இந்த இரண்டு முடிவுகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டு மாற்றப் போகும் கிளினிக்கிலும், கண் சிகிச்சைக்கோ வேறு எதற்கோ எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், பதிவு செய்யும் மேசையிலேயே அதைக் காட்டுங்கள். சொன்னால் கடைசி வரிசையில் தள்ளிவிடுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. அப்படி மறைத்தால், அடுத்த முறை அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இரத்தத்தில் கிருமி ஏறினால், பொருந்தாத மருந்தில் முதல் இரண்டு நாள் வீணாகும். இரத்தச் சோதனையின் முழு முடிவு வர அவ்வளவு நேரமாவது ஆகும். கடிதம் கையில் இருந்தால், பொருந்தக்கூடிய மருந்தை மருத்துவர் முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடலாம்.